மேற்குப் பக்கம் கொஞ்சம் இடம்: மகிழமரம் வைக்கவா, துளசியும் கற்பூரவல்லியும் வைக்கவா?

செம்மண்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் மேற்குப் பக்கம், சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. 14 அடி நீளம், 9 அடி அகலம். கட்டட வேலையின்போது கொட்டிய சல்லி, சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாகிவிட்டது. இப்போது வெறும் மண்தான். உச்சிப்பொழுதில் உள்ளே வரும் வெயில் சாயங்காலம் வரை போகாது. அந்தச் சுவருக்கு உட்புறம்தான் நாங்கள் படுக்கும் அறை. கோடையில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சூடு தெரிகிறது.

எனக்கு அங்கே ஒரு மகிழமரம் வைக்க ஆசை. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், அறைக்கு நிழல் கிடைக்கும், பூ வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். நர்சரியில் ஆள் உயரக் கன்று ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறேன். கறுப்புப் பையில், கரும்பச்சை இலையோடு ஜம்மென்று நிற்கிறது.

அம்மா வேறு மாதிரி சொல்கிறார். "மரம் எப்போ வளர்ந்து எப்போ நிழல் தர்றது? துளசியும் கற்பூரவல்லியும் வை, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அவருக்கு முழங்கால் வலி, குனிந்து வேலை செய்ய முடியாது. ஆனால் காலையில் எழுந்ததும் செடிப் பக்கம் போய் நின்று நாலு இலையைத் தொட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்து வருமா? வராது என்றால் எதை வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்கொடி:

யோசிக்காமல் மரத்தை வையுங்கள். செடி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். மரம் என்றால் பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும். மகிழம் பசுமைமாறா மரம் என்பதால் இலையும் கொட்டாது, பெருக்கும் வேலை மிச்சம். மரத்தடியில் துளசியையும் வைத்துவிட்டால் அம்மாவுக்கும் சந்தோஷம்.

நாற்றங்கால்:

தம்பி, நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள் நான். கன்று வாங்க வருகிறவர்கள் பலர் இதே கேள்வியோடுதான் வருவார்கள். செடியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் இடத்தைப் பற்றித்தான் விசாரிப்பேன். மரம் வைத்தால் இடத்தை அதற்கு எழுதிக் கொடுத்த மாதிரி. அப்புறம் மனம் மாறினால் வெட்டுவதைத் தவிர வழி இல்லை. மூலிகைச் செடி அப்படி இல்லை, ஆனால் அதற்குத் தினமும் ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார், அது பெரிய விஷயம். 9 அடி அகலத்தை ஒரு மகிழமரத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணம் சொல்கிறேன்.

முதலில் பச்சைக்கொடி சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பசுமைமாறா மரமும் இலை கொட்டும். ஒரே பருவத்தில் மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்காது, அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு இலைக்கும் ஒரு ஆயுசு உண்டு. புதுத் தளிர் விடும்போது உள்பக்கத்துப் பழைய இலை மஞ்சளித்து விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே பெருக்கும் வேலை ஒரு மாதத்தோடு முடியாது, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மகிழ இலை தடிப்பானது, பளபளப்பானது, சீக்கிரம் மக்காது. பூ விடியற்காலையில் தானாக உதிரும். சின்னச் சின்ன நட்சத்திரம் போல வெளிர்மஞ்சளாகத் தரை முழுக்கக் கிடக்கும், பறிக்க வேண்டியதே இல்லை, பொறுக்கினால் போதும். காய்ந்து சருகானாலும் வாசம் போகாது. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் பழம், அதற்குப் பறவையும் வௌவாலும். எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இவ்வளவும் 9 அடி சந்தில் நடக்கும்போது ஜன்னல் சட்டத்திலும் தண்ணீர் போகிற வழியிலும்தான் போய்ச் சேரும்.

அடுத்தது உருவம். திறந்த இடத்தில் மகிழம் 40, 50 அடி கூடப் போகும். வீட்டுத் தோட்டத்தில் கட்டுப்படுத்தி வளர்த்தாலும் தலை 20 அடி அகலத்துக்கு அடர்த்தியாக, உருண்டையாகப் பரவும். உங்கள் துண்டின் நட்டநடுவில் வைத்தாலே தண்டு சுவரிலிருந்து நாலரை அடிதான். ஒரு பக்கக் கிளை ஜன்னலுக்குள் வரும், மறுபக்கக் கிளை பக்கத்து வீட்டுக்குப் போகும். இரண்டையும் வருஷா வருஷம் வெட்டிக்கொண்டே இருந்தால் நிழலும் இல்லை, பூவும் இல்லை. அது மெதுவாக வளரும் மரம் என்பதால் முதல் சில வருஷம் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். நெருக்கடி தெரியவரும்போது தண்டு தொடைப் பருமன் ஆகியிருக்கும், யாருக்கும் வெட்ட மனசு வராது.

வேர் விஷயம். மரத்தின் வேர் நேர் கீழேதான் போகும், சுவருக்கு ஒன்றும் ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் முதல் 2 அடிக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளைகளின் எல்லையைத் தாண்டியும் நெடுந்தூரம் ஓடும். நல்ல நிலையில் உள்ள குழாயை வேர் துளைக்காது. ஆனால் இணைப்பில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால் போதும், ஈரத்தைத் தேடி உள்ளே நுழைந்து, நாளடைவில் குழாயையே அடைத்துவிடும். மண் களிமண்ணாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. வறட்சியில் மரம் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் சுருங்கும். அடித்தளத்தின் ஒரு பக்கத்து மண் மட்டும் சுருங்கினால் கட்டடத்தில் விரிசல் விடலாம்.

மரத்தடியில் துளசி என்ற யோசனை ஆரம்பத்தில் பலிக்கும். துளசிக்கு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் இருந்தால் நல்லது. மகிழத்தின் தலை அடர்ந்த பிறகு கீழே அந்த வெயில் வராது. செடி வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று நீளும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை சிறுத்து வெளிறும், வாசமும் குறையும். மேல்மண்ணில் மர வேரோடு தண்ணீருக்குப் போட்டி வேறு. கற்பூரவல்லி, வல்லாரை மாதிரியானவை அரைநிழலைத் தாங்கும், துளசிக்கு அது சரிப்படாது.

அதனால் மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்தத் துண்டில் கழிவுநீர்க் குழாய் ஏதும் போகிறதா? மண் எப்படிப்பட்டது? வீட்டைச் சுற்றி வேறு திறந்த இடம் உண்டா?

செம்மண்:

விரிவாக எழுதியதற்கு நன்றி அக்கா. இலை கொட்டும் விஷயம் எனக்கும் புதிது.

கழிவுநீர்க் குழாய் அங்கேதான் போகிறது. மதிலிலிருந்து 3 அடி தள்ளி, நீளவாக்கில். பிவிசி குழாய், நடுவில் ஒரு சேம்பர் மூடி இருக்கிறது. மண் களிமண்தான். காய்ந்தால் விரல் நுழைகிற அளவு வெடிக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

திறந்த இடம் வீட்டுக்குப் பின்னால், வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஏறக்குறைய 20க்கு 20 அடி. இப்போது துவைக்கிற கல்லும் துணி காயப்போடும் கொடியும் இருக்கின்றன. வீட்டின் பின்சுவரிலிருந்து கடைசி மதில் வரை 22 அடி வரும். மின்கம்பி எல்லாம் முன்பக்கம் தெருவோடு சரி.

ஆனால் மரத்தை அங்கே வைத்தால் படுக்கையறைச் சுவருக்கு நிழல் வருமா? எனக்கு முதலில் வேண்டியது அந்தச் சூடு குறைவதுதான்.

வேலிக்கால்:

நடுவில் புகுந்து ஒன்று சொல்கிறேன். நண்பர் மரத்தையும் மூலிகையையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கிறார். இரண்டுக்கும் இடையில் ஒரு ஜாதி இருக்கிறது, புதர்ச்செடி. ஆடாதொடையை யோசித்தீர்களா? அது வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், மூலிகையும்கூட. விட்டால் 8 அடி வரும், வெட்டினால் 5 அடியில் நிற்கும். கைநீள இலை. வெள்ளைப் பூவில் ஊதாக் கோடு, அதில் எப்போது பார்த்தாலும் தேனீ. ஆடு மாடு கடிக்காது என்பதால் வேலிக்கு வைப்பார்கள். என் தோட்டத்து எல்லை முழுக்க ஆடாதொடைதான். தண்ணீர் ஊற்றச் சொல்லி அது என்னைக் கேட்டதே இல்லை.

அதோடு, மருந்து உலகத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. சளியை இளக்கக் கொடுக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான். 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

மகிழமரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும் என்று கேட்கிறவருக்கு அது பதினைந்து வருஷத்துப் பதில்.

நாற்றங்கால்:

வேலிக்கால் சொன்ன யோசனை நல்ல யோசனை, நான் அதை வழிமொழிகிறேன். ஒரு எச்சரிக்கையோடு. ஆடாதொடையின் வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கக் கூடியது. கர்ப்பிணிகள் அதன் பக்கமே போகக் கூடாது. மற்றவர்களும் இலையைப் பறித்து அவரவர் கணக்குக்கு மருந்து தயாரிக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். செடியாக வளர்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை.

தம்பி, உங்கள் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். மூலையில் மரம் வைத்தால் அந்தச் சுவருக்கு நிழல் வராது. மரத்தின் நிழல் கொல்லையில்தான் விழும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேற்குச் சுவரைச் சுடுவது எந்த வெயில்? உச்சி வெயில் கூரையைத்தான் சுடும். சுவரைச் சுடுவது மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வருகிற வெயில். அது மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும். மகிழமரத்தைச் சுவரோரம் வைத்து, நடப்பதற்கு இடைஞ்சல் என்று கீழ்க்கிளைகளைக் கழித்து, தலையை மேலே தூக்கி வளர்த்தீர்கள் என்றால், சாயங்கால வெயில் அந்தத் தலைக்கு அடியில் நுழைந்து நேராகச் சுவருக்கு வந்துவிடும். இந்த வெயிலுக்குக் குடை பிடித்துப் பயனில்லை, தட்டி கட்டினால்தான் நிற்கும்.

அந்தத் தட்டி வேலையைப் புதர்ச்செடி நன்றாகச் செய்யும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரிலிருந்து 4 அடி தள்ளி 8 அடி உயரத்துக்கு ஆடாதொடை வரிசை நிற்கிறது என்று வையுங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது அந்த நிழல் சுவரில் 4 அடி உயரம் வரை ஏறும். 30 பாகைக்கு இறங்கியதும் ஐந்தரை அடியைத் தாண்டும். அதற்கு மேல் சூரியன் இறங்க இறங்கச் சுவர் முக்கால்வாசி மறைந்துவிடும். உங்கள் மதில் மட்டும் இந்த வேலையைச் செய்யாது. 5 அடி மதில் என்றால், 9 அடி தள்ளி இருப்பதால் 30 பாகை வெயிலிலும் அதன் நிழல் சுவரின் அடியைக்கூடத் தொடாது. செடிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள 4 அடி காற்றுப் போகவும் வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் போகவும் வேண்டும். அதை அடைத்துவிடாதீர்கள்.

இரண்டரை அடி இடைவெளியில் ஐந்தாறு செடி போதும். கன்று வாங்கக்கூட வேண்டாம். தெரிந்தவர் தோட்டத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியாக, நாலு கணு இருக்கிற மாதிரி வெட்டி வாருங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். செடி இடுப்பு உயரம் வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளுங்கள். அப்போதுதான் அடியிலிருந்து அடர்த்தியாக வரும், இல்லாவிட்டால் கீழே வெறும் குச்சியாக நிற்கும்.

அவை உயர்ந்து வரும் வரைக்கும் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பி வலை ஒன்றைக் கட்டி, சங்குப்பூக் கொடியை ஏற்றிவிடுங்கள். விதை போட்டு அதே பருவத்திலேயே ஆள் உயரம் ஏறிவிடும். கொடியைச் சுவரிலேயே படரவிட வேண்டாம். வலைக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓடினால்தான் சுவர் குளிரும், பூச்சும் கெடாது.

இப்போது அம்மாவின் செடிகள். குழாய் மதிலிலிருந்து 3 அடியில் போகிறது என்றீர்கள். அதன் மேல் நிரந்தரமாக எதையும் கட்ட வேண்டாம், சேம்பர் மூடியை என்றைக்காவது திறக்க வேண்டி வரும். அந்த ஓரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை மேடை போட்டுத் தொட்டிகளை வையுங்கள். அம்மா குனியவே வேண்டாம். உச்சிப்பொழுதிலிருந்து சாயங்காலம் வரை வெயில் கிடைக்கும். மேடை உயரத்தில் இருப்பதால் மதில் நிழல் தரையில் விழத் தொடங்கிய பிறகும் செடிக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெயில் படும். தொட்டி ஓரடி ஆழமாவது இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம். உங்கள் களிமண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மண், மக்கிய எரு, மணல் மூன்றையும் கலந்து பொலபொலவென்று இருக்கும்படி நிரப்புங்கள். எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் இலை பெரிது பெரிதாக வரும், வாசம் இருக்காது. வாசனைச் செடிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

துளசியை வளர்ப்பதில் முக்கால் பங்கு கிள்ளுவதுதான். தண்டைத் தடவிப் பார்த்தால் நாலு பக்கமும் விளிம்பு தட்டும், உருண்டையாக இருக்காது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். ஒவ்வொரு இலைக் காம்பின் இடுக்கிலும் கடுகளவு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஜோடிக்கு ஒட்டி மேலே கிள்ளினால் இரண்டு மொட்டும் விழித்துக்கொண்டு இரண்டு கிளை வரும். மேலே கதிர் எடுத்ததும் பச்சையாக இருக்கும்போதே அதையும் கிள்ள வேண்டும். விதை முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று இலை விடுவதைக் குறைத்துவிடும். தினமும் காலையில் வந்து நிற்கிற ஒருவர் இருக்கும் வீட்டில் துளசி செழிப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் அம்மா இலையைத் தொட்டுப் பார்ப்பதோடு நுனியையும் கிள்ளிவிட்டால் செடி குடை மாதிரி விரியும். இலையின் அடியில், கணுவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. கண்ணில் பட்ட அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது, ஒரு வாரம் விட்டால் செடி முழுக்கப் பரவும்.

துளசிக்கு இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு கட்டையாகிவிடும், இலை குறையும். அதற்குள் இரண்டு கதிரை மட்டும் முற்றவிட்டு, பழுப்பானதும் உள்ளங்கையில் தேய்த்து விதை எடுத்து அடுத்த நாற்றைத் தயார் செய்துவிட வேண்டும். விதை பொடி மாதிரி இருக்கும். ஆழமாகப் புதைக்காமல் மேலே தூவி, மெல்லிசாக மண் தூவித் தண்ணீர் தெளித்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும்.

கற்பூரவல்லிக்கு இவ்வளவு பாடு இல்லை. சாண் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் வரும். சதைப்பற்றுள்ள இலை, அதிலேயே தண்ணீர் இருக்கும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஆசையாகத் தினமும் ஊற்றினால் தண்டு கறுத்து அழுகும்.

செம்மண்:

அக்கா, அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். இடுப்பு உயர மேடை என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய கட்டில் சட்டம் ஒன்று பரணில் இருக்கிறது, அதை வெட்டி மேடை செய்யச் சொல்கிறார். ஆடாதொடைக் குச்சிக்கும் ஆள் பிடித்துவிட்டார்.

சுவர் விஷயம் புரிந்துவிட்டது. நேற்று நாலு மணிக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். வெயில் நீங்கள் சொன்ன மாதிரியே பக்கவாட்டில்தான் வருகிறது.

இப்போது மகிழத்துக்கு வருகிறேன். நிழலுக்காக வேண்டாம், சரி. ஆனாலும் எனக்கு அந்த மரம் வேண்டும். பின்பக்க மூலையில் வைக்கலாமா? வைப்பதென்றால் அந்த ஆள் உயரக் கன்றையே வாங்கிவிடட்டுமா?

நாற்றங்கால்:

தாராளமாக வையுங்கள். மரத்தைப் பிடித்திருப்பதே வைப்பதற்குப் போதுமான காரணம். அந்த 20க்கு 20 அடி இடம் மகிழத்துக்கு ஏற்றது. மூலையில் ஒட்டி வைக்காமல் நடுவில் வையுங்கள். மதில்களிலிருந்து 10 அடி, பின்சுவரிலிருந்து 12 அடி இருக்கட்டும். களிமண் என்பதால் வீட்டுப் பக்கம் இடைவெளி அதிகமாக இருப்பதே நல்லது. துணிக்கொடியை மட்டும் இடம் மாற்ற வேண்டும். பூவும் பழமும் வெள்ளைத் துணியில் விழுந்தால் உங்களுக்கும் மரத்துக்கும் சண்டை வரும்.

அம்மாவின் தொட்டிகளை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், மரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விதைக் கன்று பூக்கவே சில வருஷம் பிடிக்கும். முதல் மழை இறங்கி மண் நனைந்ததும் நட்டுவிடுங்கள்.

ஆள் உயரக் கன்றை வாங்குவதற்கு முன்னால் அதன் தூரைப் பாருங்கள். தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். மண்கட்டியும் சேர்ந்து ஆடினால் நல்லது. தண்டு மட்டும் மண்ணுக்குள் தனியாக அசைந்தால் வேர் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் பையின் அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அது பையில் வெகுகாலம் இருந்த கன்று. கடைக்காரர் அனுமதித்தால் பையைச் சற்று இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். விரல் தடிமனில் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால், எவ்வளவு அழகான தலையாக இருந்தாலும் வேண்டாம். அந்தச் சுற்று மண்ணில் நட்ட பிறகும் அவிழாது. தண்டு பருக்கப் பருக்கச் சுற்றிய வேர் தூரை இறுக்கும், பல வருஷம் கழித்துப் பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2, 3 அடி உயரத்தில், பென்சிலைவிடச் சற்றுத் தடித்த தண்டோடு, வெள்ளை வேர் நுனி தெரிகிற இளங்கன்றாகத்தான் எடுப்பேன். சின்னக் கன்று சீக்கிரம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சில வருஷத்தில் பெரிய கன்றை எட்டிவிடும். மெல்லிய வேர்கள் கொஞ்சம் சுற்றியிருந்தால் பரவாயில்லை, நடும்போது கத்தியால் பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் கீறிப் பிரித்துவிடலாம்.

குழி ஆழம் மண்கட்டியின் உயரம்தான், அதற்கு மேல் வேண்டாம். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு வெட்டுங்கள். களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கம் மெழுகின மாதிரி வழவழப்பாகிவிடும், வேர் அதைத் தாண்டாமல் குழிக்குள்ளேயே சுற்றும். கடப்பாரையால் பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். தண்டு அடியில் அகன்று வேராகப் பிரிகிற இடம் ஒன்று இருக்கும், அதுதான் தூர். அது தரை மட்டத்துக்கு இரண்டு விரல்கடை மேலேயே இருக்கட்டும். களிமண் இறங்கும்போது சரியாக வரும். ஆழமாக நட்டுத் தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும்.

குழியில் எருவை நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு, நான் செய்வதில்லை. தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் சொகுசாக இருந்தால் வேர் வெளியே போக மனசில்லாமல் அங்கேயே நின்றுவிடும், எரு மக்கி இறங்கும்போது கன்றும் உள்ளே இறங்கும். எருவை மேலே பரப்பி, அதன் மேல் 3 அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மட்டும் மண் வெறுமையாக இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு, மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். சருகை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். காற்றில் மிகவும் ஆடினால் மட்டும் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

வேலிக்கால்:

மகிழம் தலை அடர்ந்த பிறகு அடியில் வல்லாரை விடுங்கள் நண்பரே. ஈரமும் அரைநிழலும் அதற்குப் பிடிக்கும், தரையை மூடிக்கொள்ளும். புதினாவை மட்டும் தரையில் விடாதீர்கள். மண்ணுக்கு அடியில் கொடி ஓடிக் கண்ட இடத்தில் எல்லாம் முளைக்கும், அதைத் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்:

நன்றி. நர்சரிக்குப் போய் அந்தப் பெரிய கன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். பையை இறக்கிக் காட்டினார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே அடியில் வேர் வளையமாகச் சுற்றி இருந்தது. இரண்டரை அடியில் ஒரு இளங்கன்று எடுத்திருக்கிறேன், மழை வரும் வரை பின்பக்கம் அரைநிழலில் வைத்திருக்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம். நுனியில் புதிதாக வந்த இரண்டு இலை வெளிர்பச்சையாகத் தொங்கலாக இருக்கிறது. வாடுகிறதா?

நாற்றங்கால்:

இல்லை, தளிர் அப்படித்தான் வரும். தொட்டால் துவண்டு, மெத்தென்று இருக்கும். சில வாரத்தில் நிமிர்ந்து கரும்பச்சையாகிவிடும். கீழே உள்ள முற்றிய இலைகளும் சேர்ந்து தொங்கினால்தான் கவனிக்க வேண்டும். பையைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஈரம் போதும், லேசாக இருந்தால் தண்ணீர் விடுங்கள். நேராக வெயிலில் நடுவதற்கு முன்னால், ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு நகர்த்திப் பழக்கிவிடுங்கள்.